கீமோ நாள்களில் துணைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? தைரியம் சொல்வதைவிட முக்கியமான 21 நாள் கணக்கு!

திருவண்ணாமலைக்கு வரும் பேருந்துகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பௌர்ணமி வந்துவிட்டால் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனால், இந்த ஊரிலிருந்து விடியற்காலையில் வேறொரு காரணத்துக்காகப் புறப்படும் குடும்பங்களும் உண்டு. ஏறத்தாழ 85 கிலோமீட்டரில் வேலூர். 100 கிலோமீட்டருக்கு மேல் போனால் புதுச்சேரி ஜிப்மர். இன்னொரு பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. இன்னும் தள்ளி சென்னை அடையாறு. புற்றுநோய் சிகிச்சை என்றதும் இந்த மாவட்டத்துக்காரர்களின் நினைவுக்கு வரும் ஊர்கள் இவை.

நோயாளிக்குப் பக்கத்து சீட்டில் பெரும்பாலும் கணவரோ மனைவியோ இருப்பார். மடியில் ஃபைல், கையில் தண்ணீர் பாட்டில், வழியில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர். டாக்டர் நோயாளியிடம் பேசுகிறார். நர்ஸ் நோயாளிக்கு மருந்து ஏற்றுகிறார். கூட வந்தவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரே ஒரு வரிதான். "தைரியமா இருங்க, நல்லா பார்த்துக்கோங்க."

எதைப் பார்த்துக்கொள்வது? எந்த நாளில்? அது தெரியாததால்தான் பல வீடுகளில் பயமும் சண்டையும் சேர்ந்து வருகின்றன. நேற்று நன்றாகப் பேசியவர் இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். போன வாரம் தோசை கேட்டவர் இந்த வாரம் தாளிக்கும் வாசனைக்கே எரிந்து விழுகிறார். இதில் பெரும்பகுதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்த துணை பதற்றப்படுவது குறையும்.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

கீமோதெரபி மருந்துகளில் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்கள் அப்படிப்பட்டவை. ஆனால் முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்பகுதி, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள செல்களும் வேகமாகப் பிரிபவைதான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. நல்ல செல்கள் மீண்டு வர நேரம் கொடுக்கத்தான் ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் இடைவெளி விடுகிறார்கள்.

பல சிகிச்சைகளில் இந்தச் சுழற்சி 21 நாள். சிலருக்கு 14 நாள், சிலருக்கு வாரம் ஒரு முறை. உங்கள் வீட்டில் நடப்பது எது என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு, வீட்டு காலண்டரில் 1, 2, 3 என்று நாள் எண் போடுங்கள். மருந்து ஏற்றும் நாள்தான் முதல் நாள். கீழே வருவது 21 நாள் சுழற்சிக்கான பொதுவான கணக்கு.

1 முதல் 5 வரை: குமட்டல் நாள்கள்

முதல் நாள் மாலையில் சிலர் எதிர்பாராத சுறுசுறுப்போடு இருப்பார்கள். தூக்கமே வராது. குமட்டலைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் விளைவாக அது இருக்கலாம். அந்த மருந்து நின்றதும், மூன்றாம் நான்காம் நாளில் திடீர் சோர்வும் மனச்சோர்வும் வரலாம். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்காமலிருக்க இதைத் தெரிந்துகொண்டால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதே ஸ்டீராய்டு சர்க்கரை அளவை ஏற்றிவிடும் என்பதால் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடக் கூடாது. டாக்டர் எழுதிய நேரப்படி, வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். மாத்திரை நேரத்துக்கு மொபைலில் அலாரம் வைப்பது துணையின் வேலை.

சாப்பாட்டில் "இன்னும் ரெண்டு வாய்" என்ற வற்புறுத்தல் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளையாகப் பிரிக்கலாம். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், கஞ்சி போன்ற மணம் குறைந்த உணவுகள் ஏற்கும். சூடாக இருக்கும்போது உணவின் வாசனை தூக்கலாக இருக்கும் என்பதால், ஆறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். தாளிப்பும் மீன் பொரிப்பும் அந்த ஐந்து நாள் வேண்டாம்.

குமட்டல் மருந்தால் மலச்சிக்கல் வரலாம். வேறு சில மருந்துகளால் வயிற்றுப்போக்கு வரலாம். இரண்டையும் டாக்டரிடம் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கேட்பதும் துணையின் வேலைதான். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் அல்ல.

மருந்து ஏற்றிய முதல் 48 மணி நேரம், வாந்தி, சிறுநீர், மலம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். இது மருந்தின் மிச்சத்துக்கான எச்சரிக்கை மட்டுமே. புற்றுநோய் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒதுக்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடிக்கலாம், கட்டிக்கொள்ளலாம்.

7 முதல் 14 வரை: வெளியே தெரியாத ஆபத்து

இந்த வாரத்தில் குமட்டல் குறைந்திருக்கும். முகம் தெளிந்திருக்கும். "ஆளு தேறிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். ஆனால், வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருப்பது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். சாதாரண கிருமிகூட உடலுக்குள் பெரிய தொற்றாக மாறிவிடலாம்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு "காலையில பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றைக் குணப்படுத்தாது. குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, குழப்பமான பேச்சு ஆகியவையும் அப்படித்தான்.

இங்குதான் தூரம் ஒரு சிக்கலாகிறது. இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தால் வேலூருக்கோ சென்னைக்கோ கிளம்பி நேரத்தை இழக்க வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இவருக்கு கீமோ நடக்கிறது, இன்று 10-வது நாள், காய்ச்சல் 101" என்பதுதான். காய்ச்சலென்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். கீமோ என்று சொன்னால் ரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாட்டிக்கும் உடனே வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும். சிகிச்சை ஃபைலைக் காட்டுங்கள். அதே நேரத்தில், சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கும் போன் செய்யுங்கள். அந்த எண் நோயாளியின் மொபைலில் மட்டுமல்ல, உங்கள் மொபைலிலும் இருக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்காரர்கள் இன்னொரு விஷயத்தையும் இதே காலண்டரில் குறிக்க வேண்டும். அது பௌர்ணமி. கீமோவுக்கு 21 நாள் சுழற்சி, பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29 நாள் சுழற்சி. ஒவ்வொரு மாதமும் இரண்டும் வேறு வேறு இடத்தில் சந்திக்கும். 7 முதல் 14 நாளுக்குள் பௌர்ணமி வந்தால் கூட்டத்தை விட்டுத் தள்ளியிருப்பது நல்லது. ஊரிலிருந்து விருந்தினர் தங்க வருவதாகச் சொன்னால், அந்த மாதம் மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நோயாளி அல்ல, துணை. மருந்து ஏற்றும் நாளே பௌர்ணமியில் விழுந்தால், போக்குவரத்து மாற்றங்களைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும். கார்த்திகை தீபம் என்றால் நகருக்கு வெளியேதான் பேருந்து கிடைக்கும்.

அன்னதானமும் பிரசாதமும் எப்போது சமைத்தவை என்று தெரியாவிட்டால் அந்த ஒரு வாரம் மட்டும் தவிர்க்கலாம். வெளியே வெட்டி வைத்த பழங்களும் வேண்டாம். விபூதி பூசிக்கொள்ளலாம். வாய்ப்புண் இருந்தால் காரமும் புளிப்பும் விட்டு, உப்புத் தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும்.

15 முதல் 21 வரை: நல்ல நாள்கள்

ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கும். பசி திரும்பும். இந்த வாரத்தைக் கணக்குத் தீர்க்கவும் கடன் பேசவும் பயன்படுத்தாதீர்கள். அவர் விரும்பியதைச் செய்ய இதுதான் நேரம். பிடித்த படம், பிடித்த குழம்பு, கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில் கோயில் என எதுவாகவும் இருக்கலாம்.

14 கிலோமீட்டர் கிரிவலத்தை நடந்தே முடிக்கிறேன் என்று நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. பாக்ளிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகளால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு வரலாம். வெறுங்காலில் நடந்தால் கல் குத்தியதும் தார் சுட்டதும் தெரியாது, புண் ஆன பிறகே தெரியும். சிகிச்சை முடியும்வரை அந்த நேர்த்திக்கடனைத் தள்ளி வைக்கலாம். அல்லது, அவருக்குப் பதிலாக நீங்கள் நடக்கலாம்.

அடுத்த கீமோவுக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டு. அணுக்கள் போதவில்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். அதைக் கேட்டு இருவரும் உடைந்துபோக வேண்டாம். சிகிச்சை தோற்றதாக அதற்கு அர்த்தமில்லை. உடம்பு கொஞ்சம் அவகாசம் கேட்கிறது, அவ்வளவுதான்.

மொட்டை சாதாரணம், ஆனால் இது வேறு

முடி கொட்டும் மருந்துகளில், முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரங்களில் கொட்டத் தொடங்கும். எல்லா மருந்துக்கும் கொட்டாது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும்.

கோயில் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் முடி காணிக்கை கொடுக்கும் ஊர். அதனாலேயே "சாமிக்குக் கொடுத்ததா நெனச்சுக்கோ" என்ற ஆறுதல் எளிதாக வந்துவிடும். காணிக்கை என்பது நாமே கொடுப்பது. இது கேட்காமல் போவது. காலையில் தலையணையில் முடியைப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். தலையணையைத் தட்டி உறையை மாற்றிவிட்டு, "முன்னாடியே கட்டையா வெட்டிக்கலாமா, இல்ல அப்படியே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

கோபத்துக்கும் ஓர் இடம் உண்டு

மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலையில் திருவூடல் நடக்கும். அந்தப் பெயரிலேயே இங்கு ஒரு தெருவும் இருக்கிறது. அண்ணாமலையாரிடம் கோபித்துக்கொண்டு உண்ணாமுலையம்மன் தனியே கோயிலுக்குத் திரும்பிவிடுவார். சுவாமி கிரிவலம் வந்த பிறகுதான் மறுவூடலில் சமாதானம். சாமிக்கே ஊடலும், அது தீர ஒரு நாள் அவகாசமும் உண்டு என்று ஒத்துக்கொண்ட ஊர் இது.

நோய் வந்த வீட்டில் மட்டும் யாரும் கோபப்படக் கூடாது என்று நினைக்கிறோம். அது நடக்காது. வலி, தூக்கமின்மை, மருந்து, பயம் எல்லாம் சேர்ந்து நோயாளி எரிந்து விழுவார். யாரிடம்? மிக நெருக்கமானவரிடம்தான். "உனக்காக இவ்வளவு செய்றேன், என்னையே திட்டறியா?" என்று பதில் சொல்லத் தோன்றும். ஐந்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வாருங்கள். காலண்டரில் இன்று எத்தனையாவது நாள் என்று பாருங்கள்.

"ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவா இரு" என்ற வாக்கியம் சொல்பவருக்குத்தான் ஆறுதல். கேட்பவருக்கு, இனி தன் பயத்தைப் பேசக் கூடாது என்ற உத்தரவாகவே கேட்கும். "பயமா இருக்கா? எனக்கும் இருக்கு" என்பது அதைவிட உதவும். சில மாலைகளில் பேச்சே வேண்டாம். டிவியை அணைத்துவிட்டுக் காலைப் பிடித்துவிட்டால் போதும்.

தாம்பத்தியம் பற்றி டாக்டரிடம் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். உடல் ஒத்துழைத்தால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. ஆணுறை அவசியம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் தம்பதியென்றால், கருமுட்டை அல்லது விந்தணுவைச் சேமிக்கும் வழி பற்றி முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மனைவிக்கு வந்தால்?

கணவருக்கு நோய் வந்தால் மனைவி பார்த்துக்கொள்வார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மனைவிக்கு வந்தால்? அம்மா வீட்டுக்கு அனுப்பலாமா என்ற பேச்சு சில வீடுகளில் முதலில் வந்துவிடுகிறது.

இது நம் ஊரின் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் புற்றுநோய் உள்ளிட்ட கடும் நோய் வந்த 515 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. நோயாளி ஆணாக இருந்த குடும்பங்களில் 2.9 சதவிகிதத்தில் பிரிவோ விவாகரத்தோ நடந்தது. நோயாளி பெண்ணாக இருந்தபோது அது 20.8 சதவிகிதம்.

2013-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் விவரங்களை அலசியது. வாழ்க்கைத்துணை இல்லாதவர்களைவிட, மணவாழ்வில் இருப்பவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 20 சதவிகிதம் குறைவு என்று அது கண்டது. அவர்களுக்கு நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டிருந்தது, முறையான சிகிச்சையும் அதிகம் கிடைத்திருந்தது. இந்தப் பலனும் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக இருந்தது. துணை வெறும் ஆறுதல் அல்ல. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதும், தேதியை ஞாபகம் வைப்பதும் உயிர் காக்கும் வேலைகள்.

மாறிய ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் கணவருக்காக மனைவி விரதம் இருக்கும் நாள் கர்வா சௌத், நம் காரடையான் நோன்பு மாதிரி. 2018-ல் இந்தி நடிகர் ஆயுஷ்மான் குரானா, மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த மனைவி தாஹிரா காஷ்யப்பால் விரதம் இருக்க முடியாததால், அவருக்காகத் தானே விரதம் இருந்தார். கையில் மருதாணியால் மனைவி பெயரின் முதல் எழுத்தை எழுதிய படத்தையும் வெளியிட்டார். கணவர்கள் விரதம்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது, தலை பின்னுவது, பாத்திரம் தேய்ப்பது போன்ற வேலைகளைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டால், அவர் குற்ற உணர்ச்சியில்லாமல் படுத்திருப்பார்.

வாசலில் பூக்கும் மருந்து

"கீமோ எல்லாம் வேண்டாம், ஒரு கஷாயம் இருக்கு" என்று சொல்ல நான்கு பேராவது வருவார்கள். நித்யகல்யாணி பற்றிச் சொல்பவரும் இருப்பார். அந்தச் செடியில் உண்மையிலேயே மருந்து உண்டு. கனடாவில் 1958-ல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் அதே செடியிலிருந்து வந்ததுதான். ஆனால், இலையில் மருந்து மிக மிகக் குறைவு, அதோடு நச்சும் உண்டு. துல்லியமாக அளந்து நரம்பில் ஏற்றும் மருந்துக்கு இலையை மெல்வது மாற்றாகாது. எந்தக் கஷாயமானாலும், சூரணமானாலும், டாக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையையும் துணையே ஏற்றுக்கொள்ளட்டும்.

இந்த ஊருக்குப் புற்றுநோய் புதிதல்ல. ரமண மகரிஷியின் இடது கையில் வந்த கட்டி சார்கோமா என்ற புற்றுநோய். நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தும் அது திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14-ல் அவர் மறைந்தார். கீமோதெரபி அப்போதுதான் பிறந்திருந்தது. 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தியதை வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். அன்று கைக்கெட்டாதது இன்று பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். கீமோதெரபியும் இதில் உண்டு. அட்டை இல்லையென்றால் முதல் வாரத்திலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில்தான் திருவண்ணாமலை இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவிகிதச் சலுகையும் ரயில்வே தருகிறது. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

உங்களை யார் பார்த்துக்கொள்வது?

ஆறு கீமோ என்றால் நான்கு மாதத்துக்கும் மேல். ஒரே ஆள் இழுத்துப் பிடிக்க முடியாது. "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்பவர்களிடம் "பரவாயில்ல" என்று சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை பிள்ளையை ஸ்கூல்ல விடுங்க", "5-ம் நாள் வரைக்கும் ஒரு வேளை சாப்பாடு கொடுங்க" என்று வேலையைச் சொல்லுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாரம் ஓர் இரவாவது வேறொருவர் கண்விழிக்கட்டும்.

தூக்கம் போய், அழுகை நிற்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்கும்தான் அந்த எண்.

கார்த்திகை தீபத்தன்று, மலையில் ஜோதி ஏறும் நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். சரிபாதி என்பதைக் காண ஊரே காத்துக்கிடக்கும். வீட்டில் அந்தப் பாதி என்பது தெர்மாமீட்டர், ஃபைல், அலாரம், காலண்டரில் பென்சிலால் போட்ட எண்கள். நோயை வாங்கிக்கொள்ளத் துணையால் முடியாது. ஆனால், இன்று எத்தனையாவது நாள் என்ற கவலையையாவது அவர் தலையிலிருந்து இறக்கி வைக்கலாம்.